சாலைத் தெருவும் அஞ்சலோட்டமும்

திருவனந்தபுரத்துச் சாலைக் கடைத்தெருவை ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கண்டவர்கள் எளிதில் மறக்க மாட்டார்கள். தோவாளையிலிருந்து வந்த பூக்கூடைகள் ஒருபுறம் இறங்கும். வாழைத்தார்களும் காய்கறி மூட்டைகளும் மற்றொருபுறம் இறங்கும். சுமை தூக்குவோரின் குரலில் தமிழும் மலையாளமும் கலந்தே ஒலிக்கும். அந்த நெரிசலின் நடுவே, நரைத்த தலையினரான ஏழெட்டுப் பேர் கிள்ளிப்பாலத்தின் பக்கமிருந்து கிழக்கேகோட்டையை நோக்கி மெல்ல ஓடிவருவதையும் சில ஆண்டுகளாகக் காணலாம். அவர்களுள் நாமும் ஒருவர்.

முதலில் எங்களைக் கண்டு சிரித்தவர்கள் உண்டு. "யாரைத் துரத்திக்கொண்டு ஓடுகிறீர்கள்?" என்று கேட்டவர்களும் உண்டு. இப்போது அதே மனிதர்கள் மூட்டையைச் சற்று ஒதுக்கி வழிவிடுகிறார்கள். நடுவயதையும் கடந்து ஓடுகிறவர்களுக்கு வழிவிட உலகம் எப்போது, எவ்வாறு கற்றுக்கொண்டது என்பதே இன்றைய பேச்சின் பொருள். இது பெரிய மன்னர்களின் சரித்திரம் அன்று. எனினும் இதற்கும் ஒரு சரித்திரம் உண்டு.

சாலைக் கடைத்தெரு பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் உருவானது. திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய இராஜா கேசவதாசர் இதனை நிறுவினார் என்பர். அவர் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்து விளவங்கோடு வட்டாரத்தில் பிறந்தவர். தலைநகரம் பத்மநாபபுரத்திலிருந்து திருவனந்தபுரத்திற்கு மாறிய காலத்தை ஒட்டி, கோட்டைக்குக் கிழக்கே இந்த வணிகத் தெரு வளர்ந்தது. நாஞ்சில் நாட்டிலிருந்தும் திருநெல்வேலிச் சீமையிலிருந்தும் வந்த தமிழ் வணிகர்கள் தலைமுறை தலைமுறையாக இங்கே கடை நடத்திவருகின்றனர். இத்தெருவின் மனிதர்களைத் தம் கதைகளில் நிலைநிறுத்திய ஆ. மாதவனும் இங்கே பாத்திரக் கடை வைத்திருந்தவரே. 2015ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி பரிசைப் பெற்ற அவர் 2021இல் மறைந்தார்.

'சாலை' என்னும் சொல்லுக்குப் பழந்தமிழ் வழக்கில் பெருவழி என்னும் பொருள் மட்டுமன்றி, மாணவர் உண்டு உறைந்து பயிலும் இடம் என்னும் பொருளும் உண்டு. ஒன்பதாம் நூற்றாண்டில் ஆய் மன்னன் கருநந்தடக்கன், குமரி மாவட்டத்துப் பார்த்திவசேகரபுரத்தில் 95 மாணவர் பயில ஒரு சாலையை அமைத்த செய்தியைச் செப்பேடு கூறுகிறது. அதற்கு முன்மாதிரியாக அமைந்தது காந்தளூர்ச் சாலை. முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தியில் இடம்பெற்ற அந்தக் காந்தளூர், சாலைத் தெருவை அடுத்த வலியசாலைப் பகுதியே என்று கருதும் அறிஞர் உளர். விழிஞத்தை ஒட்டியது என்போரும் உளர். அச்சாலையில் வேதக் கல்வியோடு படைக்கலப் பயிற்சியும் நடந்திருக்கலாம் என்பது சிலர் கருத்து. எவ்வாறாயினும் அங்கே பயின்றவர் இளைஞரே. உடலைப் பழக்குவது இளமைக்குரிய காரியம், முதுமைக்குரியது ஓய்வு என்பதே நெடுங்காலமாக இருந்துவந்த எண்ணம்.

இளமை கடந்தும் ஓடியவர்கள் அந்நாளில் இல்லையோ என்றால், இருந்தனர். ஆனால் அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காக ஓடினர். திருவிதாங்கூர் அரசு தனக்கென்று ஒரு தபால் முறையை வைத்திருந்தது. அதன் பெயர் 'அஞ்சல்'. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரெசிடெண்டாகவும் திவானாகவும் இருந்த கர்னல் மன்றோ அதனைச் சீரமைத்தார். கடிதப் பையைத் தோளில் சுமந்து, மணி கட்டிய கோலைக் கையில் ஏந்தி ஓடியவன் அஞ்சலோட்டக்காரன். மணியோசை கேட்டால் பாதையில் செல்வோர் ஒதுங்கி வழிவிட வேண்டும். அவன் தனக்குரிய தூரத்தை ஓடி முடித்ததும், காத்திருக்கும் அடுத்தவனிடம் பையை ஒப்படைப்பான். முழு வழியையும் ஒருவனே ஓடுவதில்லை. ஆயினும் கடிதம் போய்ச் சேர்ந்தது.

1951இல் அந்த அஞ்சல் முறை இந்தியத் தபால் துறையோடு இணைந்தது. ஆனால் சொல் மறையவில்லை. மத்திய அரசு அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளராகப் பணிபுரியும் நாம், நாள்தோறும் படிவங்களில் 'அஞ்சல்' என்று எழுதிவருகிறோம். தமிழ்நாட்டில் 'தொடரோட்டம்' என்று வழங்கும் போட்டியை இலங்கைத் தமிழர் 'அஞ்சலோட்டம்' என்றே அழைக்கின்றனர். ஓடி முடித்தவன் ஓடப்போகிறவனிடம் ஒன்றைக் கையளிக்கும் வழக்கம் அச்சொல்லில் இன்றும் உயிரோடு இருக்கிறது. இதனை நேயர்கள் மனத்தில் கொள்ள வேண்டுகிறோம். பின்னர் இதற்குத் திரும்புவோம்.

பொழுதுபோக்காக, உடல்நலத்துக்காக, நாற்பதும் ஐம்பதும் கடந்தோர் ஓடலாம் என்னும் எண்ணம் மிக அண்மைக் காலத்தது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மருத்துவர் பலரும் இதனை அஞ்சினர். மிகுதியாக ஓடினால் இதயம் பெருத்துக் கெட்டுவிடும் என்று நம்பினர். அமெரிக்காவின் பாஸ்டன் மராத்தானில் 1911இல் வென்ற கிளாரன்ஸ் டிமார் இதய எச்சரிக்கை கேட்டுச் சில ஆண்டுகள் அப்போட்டியிலிருந்து விலகியிருந்தார். பின்னர் மீண்டு வந்து மேலும் ஆறுமுறை வென்றார். ஏழாவது வெற்றியைப் பெற்ற 1930இல் அவருக்கு வயது 41. அவர் 1958இல் புற்றுநோயால் காலமான பிறகு உடலைச் சோதித்தவர்கள், இதயத் தமனிகள் வழக்கத்தினும் இருமடங்கு, மும்மடங்கு அகன்றிருக்கக் கண்டனர்.

இதற்கிடையே 1953இல் லண்டனில் ஜெரி மோரிஸ் என்னும் மருத்துவர் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டார். மாடிப் பேருந்துகளில் நாள் முழுவதும் உட்கார்ந்தே இருக்கும் ஓட்டுநரைவிட, படிகளில் ஏறியிறங்கிச் சீட்டு வழங்கும் நடத்துநருக்கு மாரடைப்புக் குறைவாக வருவதை அவர் காட்டினார். இருவரும் செல்வது ஒரே பேருந்து. வேலை மட்டுமே வேறு. நாற்காலியே கதியென்று கிடக்கும் நம் போன்ற உத்தியோகஸ்தர்கள் ஆராய்ந்து பார்க்க வேண்டிய செய்தி அது.

எண்ணத்தைச் செயலாக்கிய ஊர் நியூசிலாந்தின் ஆக்லாந்து. 1960ஆம் ஆண்டு ரோம் ஒலிம்பிக்கில் தங்கம் வென்ற பீட்டர் ஸ்நெல், மரே ஹால்பர்க் ஆகியோரின் பயிற்சியாளர் ஆர்தர் லிடியார்ட். வீரர்களுக்கு அவர் கற்பித்த நெடுந்தூர மெல்லோட்டத்தையே ஊரின் நடுவயதினருக்கும் ஏற்றவாறு குறைத்துக் கற்பித்தார். 1962இல் அங்கே ஒரு மெல்லோட்டச் சங்கம் தோன்றியது. இதய நோயுற்றவர்களும் அதில் இருந்தனர். ஓடும்போது பக்கத்தில் ஓடுபவரோடு பேச முடிய வேண்டும். பேச முடியாவிட்டால் வேகம் மிகுந்துவிட்டது என்று பொருள். எவரும் தனியே ஓடவில்லை. பேச்சே அளவுகோலாக இருந்தது.

அவ்வாண்டின் இறுதியில் அமெரிக்கப் பயிற்சியாளர் பில் பௌவர்மன் ஆக்லாந்துக்கு வந்தார். ஐம்பதைக் கடந்த அவர் அச்சங்கத்தாரோடு ஓடப் புறப்பட்டு, மூச்சு வாங்கிப் பின்தங்கினார். எழுபதைக் கடந்த முதியவர் ஒருவர், மாரடைப்பிலிருந்து மீண்டவர், விருந்தாளியைத் தனியே விட மனமின்றி வேகத்தைக் குறைத்து அவரோடு வந்தாராம். ஊர் திரும்பிய பௌவர்மன் தம் நகரத்தாரைத் திரட்டி ஓடச் செய்தார். மருத்துவர் ஒருவருடன் சேர்ந்து 1967இல் அவர் எழுதிய நூல் மெல்லோட்டத்தை அமெரிக்கா முழுவதும் பரப்பியது. ஆக்லாந்தில் ஒருவர் சுமந்த பையை ஒரிகனில் மற்றொருவர் வாங்கிக்கொண்டார் என்று நாம் கூறலாம்.

ஓட்டம் பரவிய பின் போட்டியிலும் மாற்றம் வந்தது. அறுபது வயதினரை இருபது வயதினரோடு நிறுத்தி, 'தோற்றார்' என்பதில் நியாயம் ஏது? 1968இல் சான் டியாகோ நகரில் டேவிட் பெயின் என்னும் வழக்கறிஞர், நாற்பது கடந்தோர்க்கெனத் தேசியப் போட்டி ஒன்றை நடத்தினார். 1975இல் டொராண்டோவில் மூத்தோர்க்கான முதல் உலகத் தடகளப் போட்டி நடந்தது. 1977இல் அதற்கென உலகச் சங்கம் தோன்றியது. இன்று 35 வயது முதல் ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு பிரிவினருக்கும் தனித்தனியே போட்டி நடத்துகின்றனர். பெண்களுக்கும் கதவு மெல்லத்தான் திறந்தது. பாஸ்டன் மராத்தானில் அவர்களை முறைப்படி சேர்த்தது 1972இல். ஒலிம்பிக் மராத்தானில் சேர்த்தது 1984இல்.

இந்தியாவில் நெடுந்தூர ஓட்டம் மக்கள் திருவிழாவாக மாறியது 2004ஆம் ஆண்டு மும்பை மராத்தானுக்குப் பிறகு எனலாம். அதில் மூத்த குடிமக்களுக்கெனச் சிறு தூர ஓட்டமும் இடம்பெற்றது. சென்னையில் 2006இல் 'சென்னை ரன்னர்ஸ்' குழு உருவாயிற்று. சண்டிகரைச் சேர்ந்த மான் கௌர் அம்மையார் தொண்ணூறு கடந்த பிறகே ஓடத் தொடங்கி, 2017இல் தமது 101ஆம் வயதில், அதே ஆக்லாந்து நகரில் நடந்த உலக மூத்தோர் விளையாட்டில் 100 மீட்டரை 74 நொடியில் ஓடினார். பஞ்சாபில் பிறந்த பௌஜா சிங் 89ஆம் வயதில் முதல் மராத்தானை ஓடி, 2011இல் நூறு வயதினராக டொராண்டோ மராத்தானையும் முடித்தார். 2025இல் சாலை விபத்தில் அவர் உயிர் துறந்தார்.

இனி எங்கள் குழுவின் சிறு சரித்திரத்தைக் கூறுவோம். பெரும் பெயர்களை அடுத்து இதனைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. ஆயினும் இதில் நாங்கள் கற்ற பாடம் பிறருக்கும் பயன்படலாம்.

குழுவில் சாலையில் மளிகைக் கடை நடத்தும் அண்ணாச்சி ஒருவர்; ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி ஒருவர், அவருக்கு எழுபது வயது; இளையவரான பள்ளி ஆசிரியை ஒருவர், அவரை எல்லாரும் 'டீச்சர்' என்போம்; இன்னும் சிலர். ஞாயிறு காலையில் ஓடி முடித்து அண்ணாச்சியின் கடைத் திண்ணையில் அமர்வோம். கடையில் பழைய நாள்வழிப் புத்தகம் ஒன்று எழுதப்படாமல் கிடந்தது. அதில் ஒவ்வொருவரும் அந்த வாரம் ஓடிய தூரத்தையும், அடுத்த வாரத்துக்குரிய குறியையும், ஆண்டுக்குள் ஓட விரும்பும் போட்டியையும் எழுதுவது என்று ஏற்பாடு. தேநீர் குடித்துக்கொண்டே கணக்கை உரக்கப் படிப்போம். சொன்னதைச் செய்தவர்க்குப் பாராட்டு, செய்யாதவர்க்குக் கேலி. கேலிக்கு அஞ்சியே மழைநாளிலும் எழுந்து ஓடியவர் உண்டு. அவ்வளவில் அது நல்ல மருந்தாகவே இருந்தது.

இரண்டாண்டுகளுக்கு முன், அறுபத்தொரு வயதான அண்ணாச்சி அரை மராத்தான் ஓடுவதென்று குறி வைத்தார். அதாவது 21 கிலோமீட்டர். வாரந்தோறும் அவர் கணக்கு ஏறியது. ஒரு வாரமும் இறங்கவில்லை. நாங்களும் ஒரு வாரம் விடாமல் பாராட்டினோம். ஒரு ஞாயிறு காலை, அட்டக்குளங்கரை அருகே அவர் மார்பைப் பிடித்துக்கொண்டு வழியோரம் அமர்ந்துவிட்டார். உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசென்றோம். இதயக் குழாயில் அடைப்பு இருப்பதாகக் கண்டு சிகிச்சை செய்தார்கள், உயிர் பிழைத்தார்.

மறுநாள் பார்க்கச் சென்றபோது அவர் கூறியது எங்களைத் தலைகுனியச் செய்தது. மூன்று வாரமாகவே மேடேறும்போது நெஞ்சு இறுகியதாம். "ஏன் சொல்லவில்லை, அண்ணாச்சி?" என்று கேட்டோம். "சொன்னால் ஓடவேண்டாம் என்பீர்கள்; கணக்கு குறைந்துவிடுமே" என்றார்.

நாற்பதாண்டு கடை நடத்தியவர் அவர். பற்றும் வரவும் இரண்டும் எழுதாத கணக்கை அவர் கடையில் ஒருநாளும் ஏற்க மாட்டார். அப்படிப்பட்டவரிடம், வரவை மட்டுமே எழுதும் கணக்கொன்றை நாங்கள் கொடுத்திருந்தோம். அவர் உடலில் பற்று ஏறிக்கொண்டிருந்தது. அதை எழுதப் புத்தகத்தில் இடமில்லை. எங்கள் பாராட்டே அவர் வாயை அடைத்தது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அன்றுமுதல் நாள்வழியில் 'நோவு' என்று ஒரு பத்தி சேர்த்தோம். முழங்கால் வலி, உறக்கக் குறைவு, நெஞ்சிறுக்கம், மருந்து மாற்றம் எதுவாயினும் முதலில் அதை எழுத வேண்டும்; பிறகுதான் தூரம். நெஞ்சு பற்றிய குறிப்பு இருந்தால் மருத்துவர் பார்க்கும்வரை ஓட்டம் இல்லை. குறைந்த கணக்கைக் கேலி செய்வதையும் விட்டோம். முதலில் அந்தப் பத்தி வெறுமையாகவே கிடந்தது. நம் முழங்கால் வலியை நாமே முதலில் எழுதினோம். நாற்பத்தாறு வயதில் அதை ஒப்புக்கொள்வது எளிதாக இல்லை. பிறகு வங்கி அதிகாரி எழுதினார். மறுவாரம் பத்தி நிறைந்துவிட்டது.

நேயர்களே, வயது ஏற ஏற வேகம் குறைவது இயற்கை. உடல் ஒரு நிமிடத்தில் ஏற்றுப் பயன்படுத்தும் உயிர்வளியின் உச்ச அளவு, முப்பது வயதுக்குப் பின் பத்தாண்டுக்கு ஏறக்குறைய பத்து விழுக்காடு குறைகிறது என்பர். பயிற்சி அந்த இறக்கத்தை மெதுவாக்கலாம், நிறுத்த முடியாது. கனடாவில் வாழ்ந்த எட் விட்லாக் என்பவர் தம் வீட்டருகே உள்ள கல்லறைத் தோட்டத்தைச் சுற்றிச்சுற்றி மணிக்கணக்கில் மெல்ல ஓடிப் பயின்றவர். 2004இல் 73ஆம் வயதில் மராத்தானை 2 மணி 54 நிமிடத்தில் முடித்தார். 2016இல் 85ஆம் வயதில் அவருக்கு 3 மணி 56 நிமிடம் ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டில் ஒரு மணிக்கும் மேல் இழந்தார். ஆயினும் அந்த வயதில் நான்கு மணிக்குள் ஓடியவர் அவருக்கு முன் எவரும் இல்லை. முதியவரின் கணக்கை இளமையின் அளவுகோலால் படித்தால் நட்டம். அவரவர் வயதின் அளவுகோலால் படித்தால் உண்மை தெரியும்.

ஓடுவதால் பயன் உண்டா என்று கேட்பவர்க்கு ஒரு சான்று கூறலாம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் 1984 முதல், ஐம்பது வயது கடந்த ஓட்டக்காரர்களையும் ஓடாத மற்றவர்களையும் தொடர்ந்து கவனித்தனர். பத்தொன்பது ஆண்டுகளுக்குப் பின் ஓடாதவருள் 34 விழுக்காட்டினரும், ஓடியவருள் 15 விழுக்காட்டினரும் இறந்திருந்தனர். எழுந்து நடமாட இயலாமையும் ஓடியவர்க்குப் பல ஆண்டு தாமதித்தே வந்தது. ஓட விரும்பியவர்கள் முன்னமே ஓரளவு நலமுடையவராய் இருந்திருக்கலாம். ஆகையால் முழுப் பெருமையும் ஓட்டத்துக்கே உரியது என்று கொள்ள வேண்டுவதில்லை. கேரளத்தில் இச்செய்திக்குத் தனி முக்கியத்துவம் உண்டு. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இம்மாநிலத்தில் அறுபது கடந்தோர் 12.6 விழுக்காடு, இந்தியா முழுவதிலுமோ 8.6 விழுக்காடே.

எங்கள் அதிகாரி தமது ஐம்பத்தைந்தாம் வயதில் பத்துக் கிலோமீட்டரை ஒரு மணிக்குள் ஓடியவர். இப்போது ஒரு மணி இருபத்தைந்து நிமிடம் ஆகிறது. டீச்சர் இவ்வாண்டு அரை மராத்தானுக்குப் பயில்கிறார். முதல் பாதியில் எவ்வாறு அடக்கி ஓடுவது, எந்த வாரத்தில் தூரத்தைக் குறைப்பது, எப்போது தண்ணீர் அருந்துவது என்று அதிகாரிதான் அவருக்குச் சொல்லிக்கொடுக்கிறார். தாம் இனி ஓடப்போகாத தூரத்தைப் பற்றி அவர் இவ்வளவு அக்கறையோடு பேசுவதைக் கேட்கும்போது, மணிகட்டிய கோலோடு வந்து பையைக் கையளிக்கும் பழைய அஞ்சலோட்டக்காரன் நினைவுக்கு வருகிறான். அவனும் முழு வழியை ஓடவில்லை.

வெளி மாநிலங்களில் வாழும் தமிழன்பர்கள் பலருக்கு, ஊரை விட்டு வந்ததால் உறவினர் அருகில் இல்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லிக்கொள்ளவும் ஆளில்லாமல் வேலையும் வீடுமாகக் காலம் கழிகிறது. அத்தகையோர் தம் தெருவில் மூவர் நால்வரைச் சேர்த்துக்கொள்ளலாம். அவர்கள் தமிழராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. எங்கள் குழுவில் பாதிப்பேர் மலையாளிகள். வாரத்தில் ஒருநாள் குறித்து, மருத்துவரைக் கேட்டு, நடையில் தொடங்கிப் பின் மெல்லோட்டத்துக்கு வரலாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அதில் ஓடிய தூரத்தோடு நோவையும் எழுத இடம் விடுங்கள். அதை முதலில் படியுங்கள்.

அண்ணாச்சி மருத்துவர் அனுமதித்த பின் ஆறு மாதம் நடந்தார். இப்போது சிறிது நடந்தும் சிறிது ஓடியும் மூன்று கிலோமீட்டர் வருகிறார். அரை மராத்தான் குறியை அவரே நாள்வழியில் அடித்துவிட்டு, அதற்குக் கீழே வேறொன்று எழுதியிருக்கிறார்: ஓணத்துக்குள், கிள்ளிப்பாலத்திலிருந்து கிழக்கேகோட்டை வரை, சாலைத் தெரு முழுவதும், நில்லாமல் ஓடுவது. சென்ற ஞாயிறு பாதித் தெரு வரை வந்து நின்றுவிட்டார். நோவுப் பத்தியில் 'ஒன்றுமில்லை, மூச்சுத்தான்' என்று எழுதினார். அடுத்த வாரக் குறி என்ன என்று டீச்சர் கேட்டார். "பூக்கடை வரைக்கும்" என்றார் அண்ணாச்சி.